கடல் கடந்த தொழிற்சாலைகளும் மிகை வேலை நேரமும்

ஒரு நாட்டிற் செய்த பொருள் பிறிதொரு நாட்டிற் சென்று விலைப்படுதல் பண்டுதொட்டு வந்த வழக்கமே. மிளகும் முத்தும் துகிலும் அவ்வாறே கடல் கடந்தன. ஆயின், இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் வணிகம் எய்திய மாற்றம் வேறு வகையானது. பொருளைத் தன் பெயரால் விற்கும் கம்பனி அதனைத் தானே செய்வதில்லை. செய்கின்ற தொழிற்சாலை அக்கம்பனிக்குச் சொந்தமுமன்று. ஐக்கிய அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் கம்பனி பொருளின் வடிவத்தை வரைந்து, விலையையும் ஒப்படைக்க வேண்டிய நாளையும் குறித்து, சீனாவிலோ வங்காளதேசத்திலோ உள்ள தொழிற்சாலை ஒன்றுக்குக் கட்டளை அனுப்புகின்றது. அத்தொழிற்சாலையின் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுப்பவர் ஒருவர்; அவர்களுடைய வேலையின் வேகத்தை உண்மையில் நிருணயிப்பவர் வேறொருவர். இந்த அமைப்பிலே தொழிலாளர் ஒரு வாரத்தில் எத்தனை மணித்தியாலம் உழைக்கலாம் என்பதை வரையறுப்பது யார், வரையறுத்ததைக் காப்பது யார் என்னும் வினா எழுந்தது. எழுந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது முற்றாகத் தீரவில்லை.

வேலை நேரத்தைச் சட்டத்தால் அடக்கும் முயற்சி கைத்தொழிற் புரட்சியோடு பிறந்தது. பிரித்தானியாவில் 1833ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலைகளைப் பார்வையிட நான்கு பரிசோதகரை நியமித்தது. 1847இல், பெண்களும் பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள இளைஞரும் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என விதிக்கப்பட்டது. ஆலை முதலாளிகள் சிலர் இவ்விதியை நேராக மீறவில்லை, வளைத்தனர். தொழிலாளரைச் சிறு சிறு கூட்டங்களாகப் பிரித்து, வெவ்வேறு நேரத்தில் உள்ளே அழைத்தும் வெளியே அனுப்பியும், இயந்திரம் நாள் முழுவதும் ஓடும்படி செய்தனர். எவர் எப்பொழுது வந்தார், எத்தனை மணித்தியாலம் நின்றார் என்பதைப் பரிசோதகர் கண்டறிய இயலாது போயிற்று. ஆதலால் 1850ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் அதுவே குறித்துவிட்டது. வார நாட்களில் பத்தரை மணித்தியாலம், சனிக்கிழமையில் ஏழரை மணித்தியாலம், ஆக வாரத்துக்கு அறுபது. பரிசோதகர் கடிகாரத்தையும் ஆலையின் கதவையும் பார்த்தாற் போதும் என்ற நிலை உண்டாயிற்று. வேலை நேர விதியொன்று எவ்வளவு கருணையுடையது என்பதைப் போலவே, அதனை எவ்வளவு எளிதிற் சரிபார்க்கலாம் என்பதும் முக்கியமானது என்பதற்கு இச்சட்டம் தக்க சான்று.

அறுபது என்னும் அவ்வெண் மீண்டும் தோன்றிய இடம் வியப்புக்குரியது. 1919ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் முதலாவது மாநாடு, தன் முதலாவது உடன்படிக்கையாலே கைத்தொழில்களில் நாளொன்றுக்கு எட்டு, வாரமொன்றுக்கு நாற்பத்தெட்டு மணித்தியாலம் என எல்லை வகுத்தது. 1990ஆம் ஆண்டுகளில் மேல்நாட்டுக் கம்பனிகள் தமக்குப் பொருள் செய்து தரும் தொழிற்சாலைகளுக்கென நடத்தை விதிகளை எழுதத் தொடங்கின. லீவை ஸ்ட்ராஸ் என்னும் அமெரிக்க ஆடைக் கம்பனி 1991இல் வெளியிட்ட விதிகள் இவற்றுள் முன்னோடியானவை. பின்னர் 1997இல் எஸ்.ஏ. 8000 என்னும் தராதரமும், அடுத்த சில ஆண்டுகளில் பிரித்தானிய, அமெரிக்கக் கூட்டமைப்புகளின் விதிகளும் தோன்றின. இவற்றுட் பலவற்றில் அமைந்த கணக்கு ஒன்றே: வழமையான வேலை நாற்பத்தெட்டு; மேலதிக நேர வேலை பன்னிரண்டு; கூடுதலெல்லை அறுபது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பிரித்தானியப் பாராளுமன்றம் பெண்களுக்கும் இளைஞருக்கும் விதித்த எல்லையே இன்றைய வணிக உலகின் நடைமுறை அளவுகோலாயிற்று. நாட்டின் சட்டம் இதனினும் கடுமையாயின் சட்டமே செல்லும் என்னும் வாசகமும் இவ்விதிகளில் உண்டு. அவ்வாசகம் ஏட்டளவில் நின்றுவிட்ட கதையைச் சீனாவின் வரலாறு காட்டுகின்றது.

சீனாவின் தொழிற்சட்டம் 1994இல் நிறைவேறி 1995 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு அரசாங்கம் வாரத்தின் வழமையான வேலையை நாற்பது மணித்தியாலமாகக் குறைத்தது. மேலதிக நேரம் ஒரு நாளில் மூன்று மணித்தியாலத்தையும் ஒரு மாதத்தில் 36 மணித்தியாலத்தையும் கடக்கலாகாது. அதற்கான கூலி வேலை நாளில் ஒன்றரை மடங்கு; ஓய்வு நாளில், பதில் ஓய்வு கொடாவிடத்து, இரு மடங்கு; சட்டமுறை விடுமுறை நாளில் மும்மடங்கு. மாதத்துக்கு 36 என்பது வாரத்துக்கு எட்டுக்குச் சற்று மேல். ஆகவே சட்டம் விடும் கூடுதலெல்லை வாரத்துக்கு ஏறக்குறைய 49 மணித்தியாலம். கம்பனிகளின் அறுபதோ, நாற்பதைக் கழித்தால், மாதத்துக்கு ஏறத்தாழ 87 மணித்தியால மேலதிக நேரத்துக்கு இடங்கொடுக்கின்றது. சட்டம் விட்டதினும் இரு மடங்குக்கு மேல் அது. அறுபதைக் காத்துவிட்டதாக அறிக்கை வெளியிட்டு மகிழும் கம்பனி, அதே அறிக்கையால் நாட்டின் சட்டம் மீறப்பட்டதையும் ஒப்புக்கொள்கின்றது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இவ்வமைப்பு இலங்கைக்குப் புறம்பானதன்று. 1978இல் கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட நாள் முதல், இந்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளும் கடல் கடந்த கம்பனிகளின் கட்டளைக்கே தைத்து வருகின்றன. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்கு 2002இல் செய்யப்பட்ட திருத்தம், பெண்களின் மேலதிக நேர வேலைக்கு மாதத்துக்கு 60 மணித்தியாலம் என எல்லை வகுத்தது. எண் வேறு, சிக்கல் ஒன்றே.

சிக்கலின் உருவத்தை உலகம் தெளிவாகக் கண்டது 2010இல். தென்சீனாவின் சென்சென் நகரில் பொக்ஸ்கொன் என்னும் தைவான் நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலைகள் உள்ளன. அப்பிள் முதலிய கம்பனிகளுக்கு வேண்டிய கணினிகளும் தொலைபேசிகளும் அங்கே பொருத்தப்பட்டன. அவ்வாண்டில் அந்நிறுவனத்தின் இளந் தொழிலாளர் பலர் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக் கொண்டனர், இறந்தோர் பதினால்வர். காரணம் யாதென ஒன்றைச் சுட்டிக் கூறுதல் எளிதன்று. விடுதி வாழ்வின் தனிமை, மேற்பார்வையின் கடுமை, ஊரை விட்டு வந்த இளைஞரின் ஏமாற்றம் எனப் பலவும் பேசப்பட்டன. நெடிய வேலை நேரமும் அவற்றோடு சேர்ந்து விசாரணைக்கு வந்தது. 2012 சனவரியில் அப்பிள் நிறுவனம் நியாயத் தொழிற் சங்கம் எனப் பொருள்படும் அமெரிக்க அமைப்பொன்றிற் சேர்ந்து, பொக்ஸ்கொன்னின் மூன்று தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும்படி அதனைக் கேட்டது. குவான்லான், லோங்குவா, செங்டு ஆகிய அம்மூன்றிலும் 35,000க்கு மேற்பட்ட தொழிலாளரிடம் வினாக்கள் கேட்கப்பட்டன.

2012 மார்ச் மாதத்தில் வெளிவந்த அறிக்கை, வேலை மிகுந்த பருவத்தில் மூன்று தொழிற்சாலைகளிலும் வார வேலை அறுபது மணித்தியாலத்தைக் கடந்தது என்றும், ஏழு நாட்களுக்கு மேல் ஒரு நாளேனும் ஓய்வின்றி உழைத்தோர் உளரென்றும் கூறியது. சிறிய செய்தியொன்றும் அதிற் காணப்பட்டது. முன்னறிவிப்பின்றி நீண்ட வேலைக்கு அரை மணித்தியால அலகுகளாகவே கூலி கணக்கிடப்பட்டது. ஆகவே 29 நிமிடம் கூடுதலாக நின்றவனுக்கு ஒன்றுமில்லை. 58 நிமிடம் நின்றவனுக்கு முப்பது நிமிடத்தின் கூலியே. நிமிடங்களைக் கிள்ளியெடுக்கும் இவ்வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானியப் பரிசோதகர்களும் தம் அறிக்கைகளில் முறையிட்டுள்ளனர்.

எனினும் அவ்வறிக்கையில் மிகவும் சிந்திக்கத்தக்கது தொழிலாளர் அளித்த விடை. வேலை நேரம் மிகுதி என்றோர் நூற்றுக்கு 18 பேர் வரையில். தக்க அளவினது என்றோர் ஏறத்தாழப் பாதிப் பேர். மேலும் கூடுதலாக உழைத்துக் கூடுதலாகச் சம்பாதிக்க விரும்புவதாகக் கூறியோர் நூற்றுக்கு 34 பேர் வரையில். இவ்விடையைக் கண்டு, தொழிலாளரே விரும்பும்போது தடுப்பானேன் என்று வாதிப்போர் உளர். அவர்கள் அதே அறிக்கையின் வேறொரு விடையையும் படித்தல் வேண்டும். தமது சம்பளம் அடிப்படைத் தேவைகளுக்குப் போதாது என்றோர் நூற்றுக்கு 64 பேர். இரண்டாவது விடையே முதலாவதற்கு உரை.

இதனைக் கணக்கால் விளக்கலாம். 2010 யூன் மாதத்துக்கு முன் சென்சென் பொக்ஸ்கொன் தொழிற்சாலையில் அடிப்படைச் சம்பளம் மாதத்துக்கு 900 யுவான். சீன முறைப்படி மாதத்தில் 174 மணித்தியாலம் வழமையான வேலை எனக் கொண்டால், ஒரு மணித்தியாலத்தின் கூலி 5 யுவானுக்குச் சற்று மேல். ஒருவன் சட்டம் விட்ட 36 மணித்தியாலத்தை மட்டும் ஒன்றரை மடங்கு கூலிக்கு உழைத்தால், அவன் பெறுவது ஏறத்தாழ 1,179 யுவான். அவனே வேலை நாட்களில் நாற்பதும் ஓய்வு நாட்களில் நாற்பதுமாக எண்பது மணித்தியாலம் உழைத்தால் 1,624 யுவான் பெறுவான். சட்டத்தைக் கடுமையாக நடைமுறைப்படுத்தி, வேறெதனையும் மாற்றாது விட்டால், அவனுடைய வருமானத்தில் நாலிலொரு பங்குக்கு மேல் மறைந்துவிடும். ஊரிலுள்ள தாய் தந்தையர்க்குப் பணம் அனுப்பும் இளைஞன் அதனைத் தனக்குக் கிடைத்த பாதுகாப்பு என்று கொள்வானா? வேலை நேரம் குறைக்கப்பட்ட தொழிற்சாலையை விட்டு, மேலதிக நேரம் தாராளமாகக் கிடைக்கும் அயல் தொழிற்சாலைக்குச் செல்வதே அவனுக்கு அறிவுடைமையாகத் தோன்றும். 2012இல் நேரக் குறைப்புச் செய்தி வெளியானபோது தொழிலாளர் சிலர் அச்சம் தெரிவித்ததும் இதனாலேயே.

அவன் வருமானம் குறையாமல் வேலை நேரம் சட்டத்துக்குள் வரவேண்டுமாயின், அடிப்படைச் சம்பளம் 900இலிருந்து ஏறத்தாழ 1,240 யுவானுக்கு உயர்தல் வேண்டும். பொக்ஸ்கொன் நிறுவனம் 2010 யூனில் அதனை 1,200 ஆக உயர்த்தியது கவனிக்கத்தக்கது. பின்னரும் சம்பளம் படிப்படியாக உயர்ந்தது. ஆயின் தொழிற்சாலையின் பக்கத்திலிருந்து நோக்கினால் கணக்கு இன்னும் முடியவில்லை. முன்னர் 254 மணித்தியால உழைப்புக்குக் கொடுத்த 1,624 யுவானை, இப்பொழுது 210 மணித்தியால உழைப்புக்குக் கொடுத்தல் வேண்டும். மணித்தியாலத்துக்குரிய செலவு நூற்றுக்கு 21 கூடுகின்றது. இந்த இருபத்தொன்றை யார் தாங்குவது என்பதே வேலை நேரச் சிக்கலின் மையம். தொழிலாளன் தாங்கலாம், அதாவது வருமானத்தை இழக்கலாம். தொழிற்சாலை தாங்கலாம், ஆயின் அதன் இலாபம் பெரும்பாலும் அத்துணைப் பெரிதன்று. வாங்கும் கம்பனி விலையை உயர்த்தித் தாங்கலாம். அல்லது, ஒரு மணித்தியாலத்தில் ஆகும் வேலை பெருகி, செலவு கரைந்து போகலாம். இந்நான்கையும் பேசாது நேரத்தை மட்டும் குறைக்கச் சொல்வது, வாசலில் நின்று வெள்ளத்தை வற்றும்படி கட்டளையிடுவது போலும்.

நெடுங்காலம் கம்பனிகள் செய்தது அதுவே. விதிகளை எழுதி அனுப்பினர், கணக்காய்வாளரை அனுப்பினர், விதி மீறப்பட்டிருந்தால் கட்டளையை நிறுத்துவதாக எச்சரித்தனர். விளைவு வேலை நேரத்தின் குறைவன்று, இரட்டைக் கணக்கின் தோற்றம். உண்மையான வரவேடு ஒன்று. கணக்காய்வாளர்க்கென எழுதிய வரவேடு மற்றொன்று. மாலையில் எல்லோரும் வரவட்டையைப் பொறியில் இட்டு வெளியேறியதாகப் பதிந்துவிட்டு, மீண்டும் தம் இருக்கைக்குத் திரும்புவர். வினவினால் யாது கூறவேண்டும் என்பதும் தொழிலாளர்க்கு முன்னரே கற்பிக்கப்படும். 2006 நவம்பரில் அமெரிக்க வணிக இதழொன்று, சீனாவில் தொழிற்சாலைகளுக்குப் பொய்க் கணக்கு எழுதக் கற்பித்துக் கூலி பெறும் ஆலோசகரும் தோன்றிவிட்டனர் என்று விரிவாக எழுதியது. கணக்காய்வாளரும் தந்திரத்துக்குத் தந்திரம் கற்றனர். ஆடைத் தொழிற்சாலையில் முறிந்த ஊசிகளைப் பதியும் குறிப்பேடு ஒன்றுண்டு. விடுமுறை என்று வரவேடு கூறும் ஞாயிற்றுக்கிழமையில் ஊசி முறிந்ததாக அக்குறிப்பேடு கூறினால் உண்மை வெளிப்படும். பண்டங்களைத் தரம் பார்த்த குறிப்பும், பெட்டிகள் வெளியேறிய பதிவும் அவ்வாறே உதவும். இது ஒருவகை வேட்டையாகவே முடிந்தது. வேட்டையில் இருசாராரின் திறமையும் வளர்ந்தது. தையற்காரி வீட்டுக்குச் செல்லும் நேரம் மாறவில்லை.

ஆகவே, உண்மையான எண்ணை அறிவதே வேலை நேர முகாமையின் முதற்படி. தொழிற்சாலை மெய்க்கணக்கைக் காட்டினால் தண்டனை இல்லை, கட்டளையும் நிற்காது என்ற உறுதி வாங்குவோரிடமிருந்து வரவேண்டும். பின்னர், ஆண்டுக்கொருமுறை நிகழும் பரிசோதனையை விட்டு, வாரந்தோறும் கணக்கெடுத்தல் வேண்டும். அப்பிள் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் தனக்குப் பொருள் செய்யும் தொழிற்சாலைகளில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளரின் நேரத்தை வாரந்தோறும் பதிந்து, சராசரியாக நூற்றுக்கு 92 பங்கு அறுபது மணித்தியால எல்லைக்குள் நின்றதாக அறிவித்தது. அளவுகோல் அறுபது என்பதை மறவாதிருப்பின், இம்முறையின் பயனை மறுத்தற்கில்லை. வாரந்தோறும் நோக்கும்போது எந்தப் பகுதியில், எந்த வாரத்தில், எந்தக் கட்டளையின் பொருட்டு நேரம் பெருகியது என்பது தெரியவரும். காரணத்தைக் காணுதல் அதனாற் கூடும்.

அடுத்தது, ஒரு மணித்தியாலத்தில் ஆகும் வேலையைப் பெருக்குதல். நீண்ட நேரம் உழைத்தால் மிகுந்த பண்டம் ஆகும் என்னும் நம்பிக்கை ஆழ வேரூன்றியது; ஆயின் அது ஓரெல்லை வரைக்குமே மெய். 1893இல் வில்லியம் மேதர் என்பவர் சல்போர்டிலுள்ள தமது இரும்பு வேலைச்சாலையில் வார நேரத்தை 53இலிருந்து 48ஆகக் குறைத்து ஓராண்டு சோதித்தார். உற்பத்தி குறையவில்லை. அடுத்த ஆண்டில் பிரித்தானிய அரசாங்கப் படைக்கலச் சாலைகளும் அம்முறையைத் தழுவின. 1900ஆம் ஆண்டில் ஜேர்மனியின் யேனா நகரில் செய்ஸ் கண்ணாடிக் கருவித் தொழிற்சாலையை நடத்திய ஏர்ணஸ்ட் அபே நாளொன்றுக்கு ஒன்பதை எட்டாக்கினார். அங்கே உற்பத்தி குறையாததோடு சிறிது கூடவுஞ் செய்தது. முதலாம் உலகப் போரில் பிரித்தானிய வெடிமருந்துச் சாலைகளிலே, பெரும்பாலும் பெண்கள் உழைத்த இடங்களில், திரட்டப்பட்ட கணக்குகளை யோன் பென்கவெல் என்னும் பொருளியலறிஞர் 2014இல் மீண்டும் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணித்தியாலம் வரை நேரத்துக்கேற்ப உற்பத்தி உயர்ந்தது; அதற்குமேல் உயர்வின் வேகம் தளர்ந்தது; எழுபது மணித்தியாலம் உழைத்தோரின் உற்பத்தி ஐம்பத்தாறு மணித்தியாலம் உழைத்தோரின் உற்பத்தியோடு பெரிதும் வேறுபடவில்லை. அந்தப் பதினான்கு மணித்தியாலமும் ஏறக்குறைய வீணே. சீனச் சட்டம் அடையும் 49 என்னும் எண்ணோடு இம்முடிவு ஒத்திருப்பது தற்செயலே எனினும் சுவையுடையது.

வீண் மட்டுமன்று, கேடுமாம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் தாபனமும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் உழைத்ததன் காரணமாக 2016ஆம் ஆண்டில் பாரிசவாதத்தாலும் இருதய நோயாலும் 745,000 பேர் உலகெங்கும் இறந்தனர்.

நேரம் குறையினும் வேலை குறையாதிருக்கச் செய்யும் வழிகள் எளிமையானவை, பொறுமை வேண்டுவன. மூலப்பொருள் வருமுன் தொழிலாளரை வரவழைத்து வீணே இருத்தாமை, பழுதுபட்ட பண்டத்தைத் திருத்தும் வேலையைக் குறைத்தல், ஒருவர்க்குப் பல வேலைகளைப் பழக்குதல், மேற்பார்வையாளர்க்குத் திட்டமிடக் கற்பித்தல் என்பன அவை. றிச்சர்ட் லொக் என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் அவர் துணைவரும் மெக்சிக்கோவில் நைக்கி கம்பனிக்குச் சட்டை தைத்த இரு தொழிற்சாலைகளை ஒப்பிட்டனர். கணக்காய்வில் இரண்டும் ஏறத்தாழ ஒரே புள்ளி பெற்றவை. ஒன்றில் தொழிலாளர் சிறு குழுக்களாக அமர்ந்து, பல வேலையும் பயின்று, தம் வேலையைத் தாமே ஒழுங்கு செய்தனர். மேலதிக நேரம் பற்றி அவர்களைக் கலந்தே முடிவு செய்யப்பட்டது. மற்றதில் ஒவ்வொருவரும் ஒரே தையலை மேற்பார்வையாளரின் அதட்டலுக்கு அடங்கித் தைத்தனர். முன்னதில் சம்பளம் கூடுதல், ஆயினும் ஒரு சட்டைக்கு ஆகும் செலவு குறைவு. கணக்காய்வுத் தாளில் ஒன்றாய்த் தோன்றியவை வாழ்க்கையில் இரண்டாய் இருந்தன.

இயந்திரம் இரவு பகலாக ஓடும் ஆலைகளின் நிலை வேறு. அங்கே பன்னிரண்டு மணித்தியால முறை இரண்டு என்பது பரவலான வழக்கம். அதனை எட்டு மணித்தியால முறை மூன்றாக்கினால் நேரச் சிக்கல் ஒரே நாளில் தீரும். தொழிலாளர் தொகை மட்டும் ஒன்றரை மடங்காகும். உணவு இடைவேளையைக் கணியாது நோக்கின், பன்னிரண்டு மணித்தியாலம் நின்றவனுக்குச் சட்டப்படி பதினான்கு மணித்தியாலக் கூலி உரியது; இருவர்க்கு இருபத்தெட்டு. மூவர் எட்டெட்டாக நின்றால் இருபத்துநான்கே. அஃதாவது, சட்டத்தை மதிக்கும் முதலாளிக்கு மூன்று முறையே மலிவு. அவ்வாறாயின் இரண்டு முறை ஏன் நிலைத்தது? மேலதிக நேரத்துக்குரிய உயர்ந்த கூலி பல இடங்களிற் கொடுக்கப்படாமையே முதற்காரணம். துண்டுக்கணக்கிற் கூலி பெறுவோர்க்குப் பகலிற் செய்த துண்டுக்கும் இரவிற் செய்த துண்டுக்கும் ஒரே விலை என்பது பலவிடத்துங் கண்ட வழக்கம். தொழிலாளர் விடுதியிற் படுக்கை போதாமையும், ஆளொருவர்க்குச் செலுத்தும் காப்புறுதிப் பணமும், ஆட்கள் கிடையாமையும் மற்றைக் காரணங்கள்.

இவையெல்லாம் தொழிற்சாலையின் உள்ளே செய்யத்தக்கன. ஆயின் வேலை நேரத்தின் வேர் பெரும்பாலும் தொழிற்சாலைக்கு வெளியே, கட்டளை எழுதும் மேசையில் இருக்கின்றது. லொக் என்பவரே பின்னர் மின்னணுக் கருவித் தொழிலை ஆராய்ந்து இதனை வற்புறுத்தினார். அறுபது வேலை நாட்களில், நாளுக்கு எட்டு மணித்தியாலமாகச் செய்து முடிக்கத்தக்க கட்டளை ஒன்று உண்டெனக் கொள்ளலாம். மாதிரிச் சட்டையை ஏற்பதாக அறிவிக்க வாங்கும் கம்பனி பத்து நாள் தாமதிக்கின்றது. கப்பல் புறப்படும் நாளோ மாறவில்லை. மிஞ்சிய ஐம்பது நாட்களில் நாளுக்கு ஒன்பதரை மணித்தியாலத்துக்கு மேல் உழைத்தல் வேண்டும். கம்பனியே குறித்த நெசவாலையிலிருந்து வரவேண்டிய துணியும் பத்து நாள் பிந்தினால், நாற்பது நாட்களில் நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம். கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்பும் செலவு தொழிற்சாலையின் தலையில் விழும். அச்செலவு முழுக் கட்டளையின் இலாபத்தையும் விழுங்கிவிடும். இந்நிலையில் முதலாளி எந்த விதியை மீறத் துணிவார் என்பதை ஊகித்தல் கடினமன்று. மறு மாதம் அதே கம்பனியின் கணக்காய்வாளர் வந்து, நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் என்பது கடும் விதிமீறல் எனச் சிவப்பு மையாற் குறித்துச் செல்வார். கட்டளை எழுதுவோரும் விதியைக் காப்போரும் பெரிய கம்பனிகளில் வெவ்வேறு பகுதியினர். முன்னவர் விலைக்கும் வேகத்துக்கும் பாராட்டுப் பெறுவர். பின்னவர் அறிக்கை எழுதுவர். இவ்விருவரும் ஒரு மேசையில் அமரும் வரை தொழிற்சாலை இரு எசமானரின் கட்டளைக்கிடையே நசுங்கும்.

ஆகவே நேர்மையான கம்பனியொன்று முதலிற் செய்யவேண்டியது தன் பிந்துதலைத் தானே பதிதல். மாதிரியை ஏற்ற நாள், வடிவத்தை மாற்றிய நாள், துணி வந்து சேர்ந்த நாள் ஆகியவை வேலை நேர ஏட்டின் அருகே எழுதப்படின், மேலதிக நேரத்தின் எப்பங்கு எவரால் நேர்ந்தது என்பது வெளிப்படும். தன் தாமதத்தால் நேர்ந்த பிந்துதலுக்குத் தண்டம் விதியாமை, வரும் பருவத்தின் தேவையை முன்கூட்டி அறிவித்தல், பருவந்தோறும் தொழிற்சாலையை மாற்றாது நெடுங்காலம் ஒன்றோடு உறவு கொள்ளல், கூலிக்குரிய பங்கை விலையிலிருந்து பிரித்துக் காட்டி அதனைப் பேரத்துக்கு உட்படுத்தாமை என்பன அடுத்தவை. இவற்றுட் சில சிலரால் மேற்கொள்ளப்பட்டுள்ளன. விலையைப் பற்றியது மட்டும் மிக மெதுவாகவே நகர்கின்றது.

2012 மார்ச்சில் பொக்ஸ்கொன் நிறுவனம் ஒரு வாக்குறுதி அளித்தது. 2013 யூலை முதலாந் திகதிக்குள், தொழிலாளரின் வருமானம் குறையாதபடி, வேலை நேரத்தைச் சட்டம் கூறும் 49 மணித்தியாலத்துக்குள் கொண்டுவருவதே அது. வருமானமும் நேரமும் ஒன்றாகப் பேசப்பட்டமையால், முன்னைய வாக்குறுதிகளினும் இது சிறந்ததெனல் வேண்டும். அதனோடு சேர்த்து வரையப்பட்ட 360 சீர்திருத்தங்களுள் ஏறத்தாழ அனைத்தும் நிறைவேறின என 2013 திசெம்பரில் வெளிவந்த இறுதி அறிக்கை கூறியது. அவசரக் கதவுகள் திருத்தப்பட்டன. பயிலும் மாணவர்க்கு மேலதிக நேரம் தடுக்கப்பட்டது. வார வேலையும் அறுபதுக்குள் வந்தது. மாதத்துக்கு 36 என்னும் எல்லை மட்டும் எட்டப்படவில்லை. அவ்வெல்லைக்குக் குறித்த யூலை மாதம், இலையுதிர் காலத்திற் சந்தைக்கு வரும் புதிய தொலைபேசிகளுக்காக வேலை பெருகத் தொடங்கும் பருவத்தின் வாயிலில் அமைந்திருந்தது. அவ்வாண்டுப் புதிய ஐபோன்கள் இரண்டும் செப்டெம்பர் 20ஆந் திகதி விற்பனைக்கு வந்தன.